கூரைப் பனியின் சத்தம்

பிற்பகல் இரண்டு மணி நாற்பது.

விடுதியின் முதல் மாடியிலிருந்து ஒரு அலறல் கேட்டது. "ஐயோ, மாதாவே!"

கீழ்க் கூடத்தில் உட்கார்ந்திருந்த கொறற்றியின் கையிலிருந்து செபமாலை நழுவியது. அந்தக் கட்டடத்தில் தமிழில் அலறக்கூடியவன் ஒருவன்தான். அவளுடைய தம்பி றெக்ஸ்.

இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். விடுதிச் சொந்தக்காரியான கிழவி ஃபிரவ் லெக்னரின் அறைக் கதவு திறந்து கிடந்தது. வாசலில் றெக்ஸின் வெள்ளைச் சமையலறைச் செருப்பு இருந்தது. அந்தப் பதற்றத்திலும் கொறற்றி தன் செருப்பையும் கழற்றி விட்டுத்தான் உள்ளே போனாள். பழக்கம் அப்படி.

உள்ளே பல்கனிக் கதவு திறந்திருந்தது. குளிர் முகத்தில் அறைந்தது. பல்கனிப் பலகையில், கதவோடு ஒட்டியபடி, கிழவி குந்தின வாக்கில் சரிந்து கிடந்தாள். மேலே ஒரு மெல்லிய கம்பளிச் சட்டை மட்டும். புருவத்தில் பனி. பக்கத்தில் குருவிகளுக்குப் பிய்த்துப் போட்ட பாண் ரொட்டித் துண்டுகள் கல்லாக விறைத்திருந்தன. ஒரு காலில் மரக்குதி வைத்த வீட்டுச் செருப்பு. மற்றச் செருப்பு அவளுடைய வலது கையில் இருந்தது. விரல்கள் அதை இறுக்கிப் பிடித்தபடியே விறைத்துவிட்டன.

"என்னடா நடந்தது?"

"தேத்தண்ணிக் கோப்பை எடுக்க வந்தனான் அக்கா. ஆளைக் காணேல்லை. கண்ணாடிக்கால பாத்தா வெளியில கிடக்கிறா. கதவு உள்பக்கமாப் பூட்டிக் கிடந்தது."

"பூட்டியோ? வடிவாத் தெரியுமோ?"

"ஓம். கைபிடியைத் திருப்பித்தானே திறந்தனான்."

அந்தக் கதவுகளுக்கு உள்பக்கம் மட்டும்தான் கைபிடி. அதைக் கீழே திருப்பிவிட்டால் வெளியில் நிற்பவர் தலைகீழாக நின்றாலும் உள்ளே வர முடியாது. அப்படியென்றால் யாரோ உள்ளே நின்று திருப்பியிருக்கிறார்கள்.

ஆனால் கொறற்றி அப்போது அதை யோசிக்கவில்லை. அவள் கண் கிழவியின் கையிலிருந்த செருப்பிலேயே நின்றது. மரக்குதி. பலகைத் தரை. தரைக்கு நேர் கீழே, முற்பகல் முழுவதும் தான் உட்கார்ந்திருந்த கூடம்.



*

1996 பெப்ரவரி. பவேரியாவின் தென்கோடியில் லேர்ஹனாவ் என்ற மலைக் கிராமம். கொறற்றியும் கணவன் அம்புறோஸும் முதல் நாள் மாலைதான் டோர்ட்மண்டிலிருந்து வந்து இறங்கியிருந்தார்கள். றெக்ஸ் அந்த விடுதியில் இரண்டு குளிர்காலமாகக் கோப்பை கழுவுகிறான். அவன் கேட்டதற்காகக் கிழவி மேல்மாடத்துச் சின்ன அறையை அவர்களுக்கு மூன்று நாள் கொடுத்திருந்தாள்.

பனிச்சறுக்கு ஆசை முழுக்க அம்புறோஸுக்குத்தான். பாண் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிற மனுசன், தொலைக்காட்சியில் யாரோ மலையிலிருந்து பறந்ததைப் பார்த்துவிட்டு ஒரு வருடமாக அதே கதை. கொறற்றி முதலிலேயே சொல்லிவிட்டாள், தான் வந்து பார்த்துக்கொண்டிருப்பாளே தவிர அந்தப் பலகையில் காலை வைக்கமாட்டாள் என்று. மன்னார்க் கரையில் பிறந்தவளுக்குக் கடலில் பயமில்லை. அதே தண்ணீர் வெள்ளையாக விறைத்து மலைமேல் தொங்குவதுதான் பயம்.

முதல்நாள் இரவுச் சாப்பாட்டின்போது கிழவி கரண்டியால் கிளாசைத் தட்டி எல்லாரையும் பார்க்க வைத்தாள். "இதுதான் கடைசிக் குளிர்காலம்," என்றாள். "உயிர்த்த ஞாயிறு முடிந்ததும் வீட்டைக் கன்னியாஸ்திரிகளுக்குக் கொடுத்துவிடுவேன். நோயாளிகள் தங்கித் தேற ஒரு இடம் வேண்டுமாம்." விருந்தாளிகள் கை தட்டினார்கள். கிழவியின் மருமகன் லோதார் கை தட்டவில்லை. சகோதரனுடைய மகன், பனிச்சறுக்கு ஆசிரியன், முப்பத்தைந்து வயது. விடுதி தனக்குத்தான் வரும் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவன். சமையலறை வாசலில் நின்ற றெக்ஸின் முகமும் கறுத்துப்போனது. விடுதி இல்லையென்றால் வேலை இல்லை.

மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்குக் கொஞ்சம் முன், நிலவறையில் ஒரு கூத்து நடந்தது. சறுக்குப் பலகையும் பாதணியும் இரவல் கொடுக்கும் அலோய்ஸ் என்ற முதியவரின் முன்னால் அம்புறோஸ் உட்கார்ந்திருந்தான். நாலு ஸ்வெட்டர் போட்டிருந்ததால் அவனால் குனிய முடியவில்லை. அலோய்ஸ்தான் அவன் சப்பாத்தைப் பிடித்து இழுத்தார். நாடா 'படக்' என்று அறுந்தது. அலோய்ஸ் பின்னால் விழப் பார்த்தார். அம்புறோஸ் விழுந்து விழுந்து சிரித்தான்.

"இஞ்சாருங்கோ, கவனமாப் போயிட்டு வாங்கோ. மேல ஏறாதேங்கோ."

"சின்னப் பிள்ளையள் சறுக்கிற மேட்டிலதானப்பா. நீர் சப்பாத்தை வைச்சிரும்."

பத்து மணிக்கு விடுதி வெறுமையானது. கொறற்றி சப்பாத்தோடு கூடத்தில் போய் உட்கார்ந்தாள். திடீரென்று தலைக்கு மேல் 'தொம்' என்று ஒரு சத்தம். துள்ளி எழுந்துவிட்டாள். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த றெக்ஸ் சிரித்தான்.

"கூரைப் பனி அக்கா. வெயில் பட்டா இளகிச் சறுக்கி விழும். நாள் முழுக்க விழும், பயப்பிடாதேங்கோ."

பத்தரைக்கு அவன் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு வந்தான். சமையலறைச் செருப்பின் பட்டி பிய்ந்துவிட்டது. "பத்தே முக்காலுக்கு லெக்னர் அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோக வேணும். வெறுங்காலோட திரிஞ்சா பேசுவா."

"அத்தான்ர சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போ. இதைத் தா, தைச்சு வைக்கிறன்."

இறைச்சி கட்டுகிற வெள்ளைக் கயிற்றில் ஒரு முழம் வாங்கி, அறுந்த நாடாவுக்குப் பதிலாகக் கோத்து முடிந்து கொடுத்தாள். றெக்ஸ் போட்டுக்கொண்டு மேலே போனான். பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கக் கீழே வந்து, சமையலறையில் பாத்திரம் கழுவும் இயந்திரத்தைப் போட்டான். மதியம் தைத்த செருப்பை வாங்கி மாட்டிக்கொண்டு, சப்பாத்தைத் தன் அலமாரியில் வைத்தான்.

பதினொன்றே காலுக்கு அந்தச் சத்தம் மறுபடி தொடங்கியது. தொம். தொம். தொம். ஒரு இடைவெளி. மறுபடி மூன்று. கொறற்றி காதுகளைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பனிதான், பனிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். செபமாலையை எடுத்தாள். இரண்டு முறை முழுதாகச் சொல்லி முடித்தபோது சத்தம் ஒற்றையாகிவிட்டது. பன்னிரண்டுக்கு அதுவும் நின்றது.

அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைக்கும்போதுதான் இப்போது நெஞ்சு பதறியது. பதினொரு மணிக்கே வானம் மூடிவிட்டது. வெயிலே இல்லை. வெயில் இல்லாமல் எந்தப் பனி இளகும்?

*

மூன்று முப்பத்தைந்து.

பொலிஸ் கொமிசார் பிறாண்ட்னர் கூடத்து மேசையில் குறிப்புப் புத்தகத்தை விரித்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல். யாரையும் அதட்டவில்லை. அதுவே பயமாக இருந்தது.

"மருத்துவர் சொல்கிறார், பதினொன்றுக்கும் பன்னிரண்டரைக்கும் இடையில் இறந்திருக்கிறார். வெளியில் சுழியத்துக்குக் கீழே பதினாறு பாகை. தினமும் பதினொரு மணிக்குக் குருவிகளுக்குப் பாண் போட வெளியே போவாராமே?"

"ஓம்... ஆமாம்," என்றான் றெக்ஸ்.

"அது உனக்குத் தெரியும்."

"எல்லாருக்கும் தெரியும்."

"கடைசியாக அவரைப் பார்த்தவன் நீ. கைபிடியில் உன் கைரேகை."

"திறந்தது நான்தான். பூட்டியது நானில்லை."

"வேலை போகப்போகிறது என்று நேற்றுத்தான் தெரிந்ததா?"

கொறற்றி தம்பியைப் பார்த்தாள். அவனுடைய அகதி விண்ணப்பத்தின் மேன்முறையீடு ஏப்ரலில் விசாரணைக்கு வருகிறது. கொலை என்று ஒரு வரி பொலிஸ் எழுதினால் போதும், விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். போன மாதம் குண்டு வெடித்த கொழும்பில் போய் இறங்கும் மன்னார்த் தமிழ்ப் பொடியனுக்கு என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அம்மாவுக்கு மிஞ்சியிருக்கிற ஒரே ஆண்பிள்ளை அவன்.

அடுத்து லோதார். கன்னம் சிவந்து, கண் கலங்கியிருந்தான்.

"நான் காலை ஒன்பதுக்கு மலை உச்சிக்குப் போனேன். இரண்டே முக்காலுக்குத்தான் இறங்கினேன். தனியாகத்தான் போனேன்."

"போகுமுன் அத்தையைப் பார்த்தீர்களா?"

"சொல்லிக்கொண்டு போகலாம் என்று மேலே போனேன். உள்ளே குரல்கள் உயர்ந்து கேட்டன. சண்டை. அதனால் திரும்பிவிட்டேன்."

"யாரோடு சண்டை?"

லோதார் றெக்ஸைக் காட்டினான். "கதவுக்கு வெளியே இவனுடைய சப்பாத்து இருந்தது. இந்த வீட்டில் வாசலில் சப்பாத்தைக் கழற்றுகிறவன் இவன் ஒருவன்தான்."

"எப்படிப்பட்ட சப்பாத்து?"

"பழுப்புத் தோல். பழையது. ஒன்றில் நாடா இல்லாமல் வெள்ளைக் கயிறு கட்டியிருந்தது. இவனிடம் வேறு என்ன இருக்கும்?"

கொமிசார் றெக்ஸின் வெள்ளைச் செருப்பைக் குனிந்து பார்த்தார். "பழுப்புச் சப்பாத்து எங்கே?"

"என்னிடம் அப்படி ஒன்று இல்லை," என்றான் றெக்ஸ்.

பொய். கொறற்றிக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதற்காகச் சொன்னான் என்பது அவன் அம்புறோஸை ஓரக்கண்ணால் பார்த்தபோதுதான் விளங்கியது. அம்புறோஸ் மேட்டிலிருந்து அப்போதுதான் வந்து, இன்னும் அந்தப் பெரிய இரவல் பாதணியோடு, எதுவும் புரியாமல் மூலையில் நின்றான்.

"விசரா, ஏன்டா பொய் சொன்னனி?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அத்தான்ர எண்டு சொன்னா அத்தானையும் இழுத்துப்போடுவாங்கள் அக்கா. என்னோட போகட்டும்."

ஐந்து நிமிடத்தில் ஒரு இளம் பொலிஸ்காரி மாடிப்படிக்குக் கீழே இருந்த றெக்ஸின் அலமாரியிலிருந்து அவற்றை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். பழுப்புச் சப்பாத்து ஒரு சோடி. ஒன்றில் வெள்ளைக் கயிறு.

"பொய் சொன்னாய். ஒளித்தும் வைத்தாய்," என்றார் கொமிசார். அவர் குரல் உயரவேயில்லை. "எழுந்திரு. வண்டியில் ஏறு."

கொறற்றி அந்தக் கயிற்றையே பார்த்தாள். அவள் போட்ட முடிச்சு. மன்னாரில் அப்பா வலைக்குப் போடுகிற இரட்டை முடிச்சு. தன் கையால் கட்டியது தம்பியின் கழுத்தில் போய் விழுந்துவிட்டதே என்று கண் இருண்டது. எத்தனை மணிக்குக் கட்டினேன்? பத்தரைக்கு. ஏன் கட்டினேன்?



பிறகு எழுந்துபோய் வாசலை மறித்து நின்றாள். எட்டு வருடம் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை செய்து பொறுக்கிய ஜெர்மன் மொழி முழுவதும் அந்த நேரம் பார்த்து நழுவப் பார்த்தது.

"ஐயா. லோதாரிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். பிறகு இவனைக் கொண்டுபோங்கள்."

"நீங்கள்?"

"இவன் அக்கா."

கொமிசார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். என்ன கண்டாரோ, தலையசைத்தார்.

"நீங்கள் அந்தச் சப்பாத்தைப் பார்த்தது ஒன்பது மணிக்கா?" என்று லோதாரைக் கேட்டாள்.

"ஒன்பதுக்கு முன்பே. நான் கீழே இறங்கும்போது தேவாலய மணி ஒன்பது அடித்தது."

"கயிறு கட்டியிருந்தது இடதிலா, வலதிலா?"

"இடதில்." மேசையைப் பார்க்காமலே சொன்னான்.

கொமிசார் மேசையைப் பார்த்தார். இடதுதான்.

"ஒன்றும் மறதி இல்லையே? நேற்றுப் பார்த்ததாக இருக்காதே?"

"இன்று காலை. எத்தனை தடவை சொல்வது?"

"போதும்," என்றாள் கொறற்றி. "ஐயா, இது தம்பியின் சப்பாத்து இல்லை. என் கணவருடையது. காலை ஒன்பது மணிக்கு இது அவர் காலில், காலைச் சாப்பாட்டு மேசைக்குக் கீழே இருந்தது."

"மனைவி சொல்கிறீர்கள்," என்றார் கொமிசார்.

"நான் வேண்டாம். நிலவறையில் அலோய்ஸ் இருக்கிறார். அவரைக் கேளுங்கள், இந்த நாடா எப்போது அறுந்தது என்று."

அலோய்ஸ் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார். சப்பாத்தைத் திருப்பிப் பார்த்தார். "இதுதான். நான்தான் அறுத்தேன். இவரால் குனிய முடியவில்லை." அம்புறோஸின் வயிற்றைக் காட்டினார். "இரவல் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன், ஒன்பது நாற்பது. அறுந்த துண்டு இன்னும் குப்பைக் கூடையில் கிடக்கும்."

"அப்போது இரண்டிலும் நாடா இருந்ததா?" என்றார் கொமிசார்.

"இரண்டிலும். பழுப்பு நாடா. கயிறு எதுவும் இல்லை."

கொறற்றி லோதாரைப் பார்த்தே பேசினாள். பயம் போகவில்லை. பயத்தோடேயே பேசினாள்.

"ஒன்பது மணிக்கு உலகத்திலேயே இல்லாத கயிற்றை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அதை நான் கட்டியது பத்தரைக்கு. தம்பி இந்தச் சப்பாத்தோடு அந்த அறைக்குப் போனது ஒரே ஒரு தடவை, பத்தே முக்காலுக்கு. பதினொன்றுக்கு முன் கீழே வந்துவிட்டான். மதியம் இது அலமாரிக்குள் போனது. இது வாசலில் தனியாகக் கிடந்தது அந்தப் பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடம் நீங்கள் மலை உச்சியில் இல்லை. அந்தக் கதவுக்கு முன்னால் நின்றீர்கள். எங்கேயோ ஒதுங்கி, அவன் போகும்வரை காத்திருந்தீர்கள்."

"பைத்தியம்," என்றான் லோதார்.

"சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறவனைப் பார்த்ததும் உங்களுக்கு வழி கிடைத்துவிட்டது. மணியை மட்டும் முன்னால் தள்ளிவிட்டால் போதும் என்று நினைத்தீர்கள். பதினொன்றுக்கு அவர் குருவிக்குப் பாண் போட வெளியே போனார். நீங்கள் கைபிடியைத் திருப்பினீர்கள்."

கொமிசார் புத்தகத்தை மூடினார். "ஹெர் லோதார் லெக்னர், நீங்கள் மலையிலிருந்து சறுக்கி இறங்கிவந்து மறுபடி ஏறியிருந்தால், மலைக்கு ஆட்களை ஏற்றும் மின்தொட்டிலில் யாராவது பார்த்திருப்பார்கள். நான் கேட்பேன். அதற்கு முன் நீங்களே சொல்வது நல்லது."

லோதார் நாற்காலியில் உட்கார்ந்தான். மடியில் கிடந்த தன் கையுறைகளை மேசையில் வைத்தான்.

"பத்து நிமிடம்தான் என்று நினைத்தேன்," என்றான் கடைசியில். "குளிரில் கொஞ்சம் நின்று யோசிக்கட்டும் என்று. திறந்துவிட யாராவது வருவார்கள் என்று."

"அப்படியென்றால் ஏன் மறுபடி மலைக்குப் போனீர்கள்?" என்றார் கொமிசார்.



"முக்கால் மணி நேரம் தட்டினார்," என்றாள் கொறற்றி. "நான் எண்ணிக்கொண்டிருந்தேன்."

சொல்லிவிட்டு அப்படியே தரையில் குந்தி, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். தம்பி தப்பிவிட்டான் என்ற சந்தோசம் அவளுக்கு வரவேயில்லை. றெக்ஸ் பக்கத்தில் வந்து குந்தினான்.

"அக்கா, பனி எண்டு சொன்னது நான்தானே. உங்களில பிழையில்லை."

"ரெண்டு படி ஏறிப் பாத்திருந்தா மனிசி இருந்திருப்பாடா."



*

மறுநாள் காலை எட்டு மணி.

பெட்டிகள் வாசலில் இருந்தன. அம்புறோஸ் புது நாடா போட்ட சப்பாத்தோடு, முதல் தடவையாக ஒரு வார்த்தையும் பேசாமல், வாடகை வண்டிக்குக் காத்து நின்றான். றெக்ஸும் அவர்களோடு ரயில் நிலையம்வரை வருவதாக இருந்தான். கிழவியின் பல்கனிக்குக் கீழே, பனியில், கொறற்றி காலைப் பாணைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். குருவிகள் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தன. கீழே இறங்க அவற்றுக்கு நேரம் எடுத்தது.

வானம் தெளிந்து நல்ல வெயில் எறித்தது. வண்டியும் வந்துவிட்டது.

அப்போது விடுதியின் மறுபக்கத்தில் ஒரு சத்தம். தொம்.

"கூரைப் பனியப்பா," என்றான் அம்புறோஸ். "வெயிலுக்கு விழுது. வண்டியில ஏறும், ரயில் போயிரும்."

"ஓம், பனியாத்தான் இருக்கும்," என்றாள் கொறற்றி.

கையிலிருந்த பாணைக் கணவனிடம் கொடுத்துவிட்டு, முழங்கால் ஆழப் பனியில் கால் புதையப் புதைய, மறுபக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.